மருந்து நிறுக்கும் அக்கா

நோர்வேயில், ஒஸ்லோ நகரின் ரொம்மன் பகுதியில் குடியேறிய முதல் வாரம் எனக்குக் கடுமையான இருமல். சென்னையிலிருந்து கொண்டுபோன மாத்திரைகளையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, இன்னும் பசியடங்காமல் இருந்தது அது. அந்த நிலையில்தான் மாடிப்படியில் எதிர்வீட்டு அண்ணனைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், பேருந்து ஓட்டுநர். தமிழ் பேசும் மனிதர் எதிர்க்கதவிலேயே கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், நானும் மனைவியும் இப்போதே வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன்.

"வாங்கோ, அதுக்கென்ன. ஆனால் இப்ப வேண்டாம். அவ உள்ளுக்கை மருந்து நிறுத்துக்கொண்டிருக்கிறா. அந்த நேரம் ஒருத்தரும் கதைக்கேலாது" என்றார்.

மருந்து நிறுக்கிறார் என்றதும் எனக்குள் சுக்கும் திப்பிலியும் அதிமதுரமும் மணக்கத் தொடங்கின. ஒஸ்லோவில், எதிர்வீட்டில், ஒரு நாட்டு வைத்தியச்சி! மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாள் மாலை இருவரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் உட்கார்ந்தோம். அண்ணனின் மனைவி, அந்த அக்கா, தேநீர் கொண்டுவந்தார். ஐந்தடி உயரம், பூப்போட்ட ஹவுஸ்கோட், மூக்கில் ஒரு கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் இன்னொரு கண்ணாடி. வைத்தியச்சியேதான்.

"அக்கா, இருமலுக்குக் கொஞ்சம் மருந்து தர முடியுமா?"

"என்ன மருந்து?"

"நேத்து நிறுத்துட்டிருந்தீங்களாமே. அண்ணன் சொன்னார்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்று கீழே விழுந்தது.

"தம்பி, அந்த மருந்தைக் குடிச்சால் இருமல் நிக்கும். ஆனால் நீங்களும் சேர்ந்து நிண்டு போவியள்."

அது தோட்டாவுக்குப் போடுகிற வெடிமருந்து. அக்கா ஒரு பிஸ்டல் கிளப்பில் உறுப்பினர். போட்டிகளில் சுடுகிறவர். அந்தத் தோட்டாக்களை வீட்டிலேயே செய்துகொள்கிறவர். இதை அவர் மிகச் சாதாரணமாகச் சொல்லச் சொல்ல, சோபாவில் என் பக்கத்தில் இருந்த மனைவியின் நகங்கள் என் முழங்கையில் மெல்ல இறங்கின.

அக்கா வேலை செய்தது ஒரு முதியோர் இல்லத்தில். வாரத்துக்கு ஏழு கட்டங்கள் உள்ள பெட்டிகளில் ஒவ்வொரு முதியவருக்குமான மாத்திரைகளை நிரப்புவது அவர் பொறுப்பு. கூட வேலை செய்த நோர்வேக்காரி ஒருத்தி ஒருநாள் விளையாட்டாகக் கிளப்புக்கு அழைத்துப் போயிருக்கிறாள். முதல் பத்துக் குண்டில் எட்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. அதற்குப் பிறகு பயிற்சி, பரீட்சை, போலீஸ் அனுமதி என்று எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டார். சுவரோடு திருகி இறுக்கிய இரும்பு அலமாரிக்குள் துப்பாக்கி இருந்தது. அதன் சாவி எங்கே இருக்கிறது என்பது அண்ணனுக்கே தெரியாது. கடைத் தோட்டாக்கள் அவருடைய சின்ன மணிக்கட்டை உதைத்தன. தன் கைக்குத் தக்க மென்மையான தோட்டா வேண்டுமென்றால் தானே செய்யவேண்டும் என்று கிளப்பில் சொன்னார்கள். செய்தார்.

எங்கள் ஊர் எது என்று அன்று கேட்டார். சிவகாசி என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப உங்களுக்கு மருந்தைப் பற்றித் தெரிஞ்சிருக்குமே!"

எனக்கு ஒன்றும் தெரியாது. சிவகாசியில் பட்டாசு பக்கம் போகாதவர்களும் உண்டு. என் அப்பா காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கோட்டைவிட்டார். ஒரு வருஷக் காலண்டரில் ஆவணி மாதத்தில் இரண்டு பதினாலாம் தேதிகள் வந்துவிட்டன. இதைச் சொன்னதும் அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"ரெண்டு பதினாலோ! எப்பிடிக் கண்டுபிடிச்சவர்?"

"அவர் கண்டுபிடிக்கல அக்கா. ஒரு கல்யாண வீட்டுக்காரங்க கண்டுபிடிச்சாங்க."

அன்றிலிருந்து என் அப்பாவின் மீது, பார்க்காமலே, அக்காவுக்குத் தனி அன்பு. தான் பிழைவிட்டதை மகனிடம் சொன்ன மனிதர் என்பது காரணம். ஏனென்றால் அக்கா தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியமே அதுதான்: "நான் பிழை விடுற ஆள்." மற்றவர்கள் சொந்த ஊரைச் சொல்வதுபோல, கொஞ்சம் பெருமையோடு சொல்வார்.

அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் ஒருநாள் தெரிந்தது. முதியோர் இல்லத்தில் சேர்ந்த புதிதில் ஒரு தாத்தாவின் பெட்டியில் செவ்வாய்க்கிழமைக்கான நித்திரை மாத்திரையை இரண்டு தரம் போட்டுவிட்டார். இடையில் யாரோ கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர், போடவில்லை என்று நினைத்து மறுபடி போட்டிருக்கிறார். தாத்தா புதன்கிழமை மத்தியானம் வரை எழும்பவில்லை. வைத்தியர் வந்து பார்த்து, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். யாருக்கும் காரணம் தெரியவில்லை. அக்காவே தலைமைத் தாதியிடம் போய், "நான்தான்" என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார். வேலை போய்விடும் என்று நினைத்திருந்தார். போகவில்லை. தாத்தா மட்டும் அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பத்து வருஷத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை, இன்னொருமுறை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"அவர் பகிடியாய்ச் சொன்னவர். ஆனால் எனக்கு அந்தப் புதன்கிழமை இன்னும் விடியேல்லை, தம்பி."

அதனால்தான் அந்த ஒழுங்குகள். வீட்டுக்குள் சாமான் போட்டுவைக்கிற சன்னலில்லாத சின்ன அறை ஒன்று இருந்தது. அதில்தான் வேலை. தொடங்குமுன் வாசல்கதவின் வெளிக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டுவார்; அவர் சொல்லில் துவாய். சிவப்புத் துவாய் தொங்கினால் தட்டக்கூடாது, மணி அடிக்கக்கூடாது. தொலைபேசியின் வயரைக் கழற்றிவிடுவார். வானொலி இல்லை, தேநீர் இல்லை. அண்ணன் அந்த நேரம் வீட்டில் இருந்தால் தும்மல்கூடக் குளியலறையில்தான்.

சிவகாசிச் சலுகையில் ஒரே ஒருமுறை எனக்குப் பார்க்க அனுமதி கிடைத்தது. அறை வாசலில் நிற்கவேண்டும், கைகள் பின்னால், வாய் மூடியபடி. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. இரண்டாவது டப்பா அறைக்குள்ளேயே இருக்கக்கூடாது, மாறிப் போட்டுவிடலாம். இடப்பக்கம் ஒரு மரக்கட்டை, அதில் ஐம்பது குழிகள், ஐம்பது வெற்றுக் கோதுகள், அதாவது தோட்டாக் கூடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பொட்டு வெடிபோல ஒரு சின்னக் கேப்பு பொருத்தியிருந்தது. ஒரு கோதை எடுப்பார், அளந்த மருந்தைக் கொட்டுவார், வலப்பக்கத்துக் கட்டையில் வைப்பார். மருந்து என்றால் ஒரு சிட்டிகைதான். கோதில் கால்வாசிகூட நிறையாது. ஆபத்தே அதுதான் என்று அப்புறம் விளக்கினார். இன்னொரு சிட்டிகையும் சத்தமில்லாமல் அதற்குள் அடங்கிவிடும். அடங்கினால் துப்பாக்கி கையிலேயே பிளந்துபோகும். ஐம்பதும் முடிந்ததும் கழுத்துக் கண்ணாடியை மூக்குக் கண்ணாடிக்கு மேலே மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருந்தால்தான் ஈயச் சன்னத்தை, அதாவது குண்டை, மேலே வைத்து அழுத்துவார். இடையில் என்ன தடங்கல் வந்தாலும் கட்டையிலிருந்த அத்தனை மருந்தையும் கொட்டிவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குவார்.

சமையலறையிலும் இதே நடைமுறைதான். உப்புச் சாடி அடுப்புக்கு இடப்பக்கம் நின்றால் கறிக்கு உப்பு இன்னும் போடவில்லை, வலப்பக்கம் நின்றால் போட்டாயிற்று. அண்ணன் ஒருமுறை சாடியைத் துடைத்து மாற்றிவைத்துவிட்டார். அன்று நாங்கள் விருந்தாளிகள். உப்பே இல்லாத கணவாய்க் கறியை நால்வரும் மரியாதையோடு சாப்பிட்டோம். அக்கா மட்டும் ஒவ்வொரு கவளத்துக்கும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழர்கள் மத்தியில் அக்காவைப் பற்றிப் பேச்சு இருந்தது. ஒஸ்லோவின் ஹொல்ம்லியா பகுதியில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் வயதான ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"பிள்ளை, துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். நீர் இஞ்சை வந்து அதையே தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறீர். இது நியாயமோ?"

மேசையில் எல்லோரும் வடையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

"ஐயா, அங்கை துவக்கு வைச்சிருந்தவை ஒருத்தருக்கும் பதில் சொல்லேல்லை. இஞ்சை நான் சுடுற ஒவ்வொண்டுக்கும் பதில் சொல்ல வேணும். எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றார் அக்கா. பிறகு பெரியவரின் தட்டில் இன்னொரு வடை வைத்தார். பெரியவர் அந்த வடையைச் சாப்பிட்டார் என்பதை மட்டும் சொல்லலாம். ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது.

கிளப்புக்கும் ஒருமுறை என்னை அழைத்துப்போனார். பழைய தொழிற்கூடம் ஒன்றின் நிலவறை. வரிசையாகத் தடுப்புகள், எதிரே காகித வட்டங்கள், எல்லோர் காதிலும் பெரிய கவசங்கள். அங்கே ஓய்வுபெற்ற குழாய்த் தொழிலாளி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஊற்றும்போதே, தானும் வீட்டில் தோட்டா செய்வதாகவும் முப்பது வருஷத்தில் ஒரு பிழைகூட விட்டதில்லை என்றும் சொன்னார். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சாலை வாங்கோ. பிழையே விடாத ஆள் எண்டால் தன்ரை பிழையை இன்னும் காணாத ஆள் எண்டு அர்த்தம். நான் எப்பவும் மூண்டு தடுப்புத் தள்ளித்தான் நிக்கிறனான்."

அன்று கூட்டம். குழாய்க்காரருக்குப் பக்கத்துத் தடுப்புத்தான் காலியாக இருந்தது. அக்கா முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றார். நான் பின்னால் பெஞ்சில். டமார், டமார் என்று கொஞ்ச நேரம் போயிற்று. திடீரென்று குழாய்க்காரரின் துப்பாக்கியிலிருந்து 'டமார்' வரவேண்டிய இடத்தில் 'புஸ்' என்று ஒன்று வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைச் சுடக் குறி வைத்தார்.

"நில்லு!"

அக்கா கத்திய கத்தலில் என் கையிலிருந்த காப்பி சிந்தியது. சுத்தத் தமிழ். அந்த நிலவறையில் அந்தச் சொல் தெரிந்தவர்கள் நானும் அவரும் மட்டும்தான். ஆனால் கவசங்களையும் மீறிக் குழாய்க்காரர் அப்படியே நின்றார். மற்றவர்களும் நின்றார்கள்.

துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்து, காலியாக்கி, குழலுக்குள் பார்த்தார்கள். முந்தைய குண்டு வெளியே போகாமல் குழலின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டாவுக்கு அவர் மருந்தே போடவில்லை. கேப்பு மட்டும் வெடித்துக் குண்டைப் பாதிவழி தள்ளிவிட்டிருந்தது. அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டிருந்தால் அவர் கை என்னவாகியிருக்கும் என்று எல்லோரும் மனதுக்குள் பார்த்துக்கொண்டார்கள். குழாய்க்காரர் வெளுத்துப்போய், மருந்து ஈரமாகியிருக்கும் என்றார்.

"ஈரமாம்!" என்றார் அக்கா என்னிடம் தமிழில். அவரிடம் நோர்வேஜிய மொழியில் அன்பாக ஏதோ சொல்லி முதுகைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த வாரம் அவர் அக்காவுக்கு ஒரு பெரிய கேக் கொண்டுவந்தாராம். அதற்குப் பிறகு அந்த முப்பது வருஷக் கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இனி நான் செய்தது.

அந்தக் குளிர்காலத்தில் என் மனைவி நிறைமாதம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிரசவப் பிரிவுக்குத் தொலைபேசினேன், வந்துவிடுங்கள் என்றார்கள். டாக்ஸிக்குத் தொலைபேசினேன், வெளியே கொட்டுகிற பனியில் முக்கால் மணிநேரம் ஆகும் என்றார்கள். அண்ணன் பேருந்தோடு எங்கோ இருந்தார். எதிர்க்கதவில் சிவப்புத் துவாய் தொங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய போட்டி. அதற்காக முந்நூறு தோட்டாக்களை அக்கா அந்த வாரம் முழுக்கச் செய்துகொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். துவாயைப் பார்த்தேன். என் வீட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. இரண்டு கையாலும் கதவை இடித்தேன்.

அக்கா வந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஹவுஸ்கோட்டுக்கு மேலேயே குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு கார்ச்சாவியை எடுத்தார். அந்தப் பனியில் அவர் ஓட்டிய நிதானத்தை என் மனைவி இன்றும் மன்னிக்கவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் இடம் பார்த்தார், வலம் பார்த்தார், மறுபடி இடம் பார்த்தார். "அக்கா, யாருமே இல்லக்கா!" என்று மனைவி கத்தினாள். "ஓமடா, இருந்தாலும் ஒருக்காப் பாப்பம்" என்றார் அக்கா.

இரண்டு மணிநேரத்தில் மகள் பிறந்தாள். கூடத்தில் காத்திருந்த அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் கன்னம் இரண்டையும் பிடித்துக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை துணிமணி எடுக்க வந்தேன். மாடிப்படி முழுவதும் டக், டக் என்று சத்தம். கீழ்வீட்டு நோர்வேஜியப் பெண்மணி மேலே வந்து, அடுக்களையைப் புதுப்பிக்கிறீர்களா, எப்போது முடியும் என்று அண்ணனிடம் மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவரை அனுப்பிவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"முந்நூறையும் கழட்டுறா" என்றார்.

உள்ளே அக்கா தோட்டா கழற்றுவதற்கென்றே உள்ள ஒரு பிளாஸ்டிக் சுத்தியலின் பொள்ளல் தலைக்குள் தோட்டாவைச் செருகி மரக்கட்டையில் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்க அடிக்கச் சன்னமும் மருந்தும் கழன்று வந்தன. மருந்தைத் தராசில் கொட்டினார், பார்த்தார், அடுத்ததை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"என்னக்கா ஆச்சு?"

"ராத்திரி வீட்டை வந்தன். நல்ல சந்தோசம். பாட்டுப் பாடிக்கொண்டே மேசையில இருந்து, விட்ட இடத்திலயிருந்து முடிச்சுப்போட்டன். மருந்தைக் கொட்டிப்போட்டு ஒண்டிலயிருந்து தொடங்கேல்லை. டோர்ச் அடிச்சுப் பாத்தனானோ எண்டும் ஞாபகமில்லை. அந்த ஐம்பதையும் மற்றதுகளோடை கலந்தும் போட்டன்."

"அந்த ஐம்பத மட்டும் பிரிச்சா போதாதா?"

"எந்த ஐம்பது எண்டு தெரிஞ்சால் நான் ஏன் தம்பி முந்நூறையும் கழட்டுறன்?"

நான் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் சுத்தியலை உயர்த்திக் காட்டினார்.

"நீங்கள் தட்டினது சரி. நான் திரும்பி வந்து செய்ததுதான் பிழை. கோவமாய் இருக்கேக்கை செய்யாதே, களைப்பாய் இருக்கேக்கை செய்யாதே எண்டு எல்லாரும் சொல்லுவினம். சந்தோசமாய் இருக்கேக்கை செய்யாதே எண்டு ஒரு குறுக்காலபோனவனும் சொல்லித்தரேல்லை!"

நான் ஆஸ்பத்திரிக்குப் போய், மத்தியானச் சாப்பாடு எடுக்கத் திரும்பி வந்தபோதும் டக், டக். இருநூற்று எழுபதைத் தாண்டியிருந்தார். திடீரென்று சத்தம் நின்றது. அண்ணனும் நானும் உள்ளே ஓடினோம். ஒரு கோதிலிருந்து சன்னம் மட்டும் கழன்று விழுந்திருந்தது. மருந்து ஒரு துகள்கூட இல்லை. அக்கா இன்னும் ஏழெட்டு அடித்தார். ஒன்றிலிருந்து மருந்து கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. தராசின் தட்டு டக்கென்று கீழே போனது. இரண்டு பங்கு.

அக்கா கண்ணாடி இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டாவைத் தன் கையில், தன் முகத்துக்கு முன்னால் பிடித்திருப்பார். நான் இடித்த கதவுதானே காரணம்.

அண்ணன் தராசையும் வெறுங்கோதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இஞ்சேர், ஒண்டில இல்லை, ஒண்டில ரெண்டு. கூட்டிப் பாத்தால் கணக்குச் சரிதானேயப்பா!"

அக்கா அவரை முறைத்தார். முறைத்தபடியே அவர் உதடு கோணியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அந்தக் கண்ணீரில் சிரிப்பு எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போனார். கிளப்பில் வாங்கிய கடைத் தோட்டாக்களால் சுட்டு, பன்னிரண்டு பேரில் பதினோராவதாக வந்தார். சுடுவதற்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு, தான் விட்ட பிழையை ஒன்றுவிடாமல் சொன்னாராம். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார், கையில் பூங்கொத்து, மணிக்கட்டு உதைபட்டு வீங்கியிருந்தது. கைகளைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். மனைவி குழந்தையை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை.

"இது உங்கட பிள்ளைதானே?"

"என்னக்கா கேள்வி இது!" என்றேன்.

"தாய்க்கும் பிள்ளைக்கும் கையில ஒரே நம்பர்ப் பட்டி கட்டியிருப்பினம். ரெண்டையும் ஒத்துப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. இரண்டு நாளாகக் கொஞ்சிக்கொண்டிருந்தோமே தவிர, அந்தப் பட்டியை யார் பார்த்தது? மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் தன் கையை நீட்டினாள். அக்கா கழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். என் சுண்டுவிரல் பருமன் இருந்த குழந்தையின் மணிக்கட்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக, சத்தமாக, தமிழில் வாசித்தார். பிறகு என் மனைவியின் கையிலிருந்ததை வாசித்தார். கடைசி எண்வரை ஒன்றாகவே இருந்தது. "எதுக்கும் இன்னொருக்கா" என்று முதலிலிருந்து தொடங்கினார்.

இரண்டாவது முறையும் முடிந்த பிறகுதான் மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "சரியான ஆள்தான்" என்றார். மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த இரண்டாவது வாசிப்பு முடியும்வரை நான் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.